யாரும் உட்காரக் கூடாத சீட்

கார் கம்பெனியின் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. அதில் ஒரு வரி பிரேக்கக்காவுக்கு மனப்பாடம். ‘மாற்று பாகம் கிடைக்கும் வரை முன்பக்கப் பயணி இருக்கையில் எவரையும் அமர வைக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ தாழ்மையாம் தாழ்மை! கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் வேறு எங்கே போய் உட்காருவாள்? டிக்கியிலா?

அந்த சீட்தான் அவளுடைய ஆபீஸ். பதினொரு வருஷமாகக் காலை ஆறரையிலிருந்து பொழுது சாயும் வரை அவள் இருப்பது அங்கேதான். ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோல அவள் காலடியிலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. இரண்டையும் ஒரு கம்பி இணைக்கும். இவள் மிதித்தால் அந்தப் பக்கத்து பெடலும் தானாக இறங்கும். பழக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: “வண்டிய கிளப்பறதுக்கு யாராலயும் முடியும். நிறுத்தத் தெரிஞ்சவங்கதான் டிரைவர்.” பிரேக்கக்கா என்ற பெயர் அதனால்தான் வந்தது. அவளிடம் பழகியவர்கள் டெஸ்டில் எதிலெதிலோ தோற்றிருக்கிறார்கள். நிறுத்தக் கோட்டில் ஒருத்தர்கூடத் தோற்றதில்லை.

கடிதத்தின் மற்ற வரிகள் இன்னும் மோசம். அந்த சீட்டுக்கு நேர் எதிரே, டாஷ்போர்டுக்குள் மடித்து வைத்திருக்கும் ஏர்பேக் பழுதாம். மோதலில் பை விரிகிற வேகத்தில் உள்ளே இருக்கும் இரும்பு டப்பா உடைந்து, துண்டுகள் முகத்தில் பாயலாமாம். உயிரைக் காப்பாற்றுவதற்கென்று வைத்த சாமான்! புதுசாக இலவசமாகவே மாற்றித் தருவார்களாம். எப்போது? ‘கிடைத்தவுடன்.’

முதல் வாரமே கம்பெனிக்குப் போன் போட்டாள். தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண் பேசினாள்.

“பார்ட் வந்ததும் நாங்களே கூப்பிடுவோம் மேடம். அதுவரைக்கும் நீங்க பின் சீட்ல உக்காந்துக்கலாமே?”

“பின் சீட்ல பிரேக் இருக்காம்மா?”

“இல்ல மேடம்.”

“அப்புறம்? பழகறவங்க லாரி மேல கொண்டுபோய் விட்டா நான் பின்னாடி உக்காந்து கைதட்டவா?”

“உங்க கோபம் எங்களுக்குப் புரியுது மேடம். உங்க பொறுமைக்கு நன்றி.”

லைன் கட்டாகிவிட்டது. அவள் பொறுமையாக இருக்கிறாள் என்று யார் போய் இவர்களிடம் சொன்னது?

வேறு வண்டி எடு என்று சொல்வது சுலபம். லைசென்ஸ் ஆபீசில் பயிற்சி வண்டி என்று பதிந்திருப்பது இது ஒன்றுதான். இன்னொன்றைப் பதிய வருஷக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். வீட்டுக்காரர் பாவம், தனக்குத் தெரிந்த வழியைச் செய்தார். தன் பைக் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

“சிரிக்காத. மூஞ்சியாவது மிஞ்சும்.”

ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டு போனாள். அன்றைக்குக் காலை முதல் வகுப்பு, அப்போதுதான் பழக ஆரம்பித்திருந்த ஒரு நர்ஸுக்கு. காரில் ஏறிய நர்ஸ், பக்கத்தில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அப்படியே உறைந்துபோனாள். பிறகு பொலபொலவென்று அழுதாள்.

“என் டிரைவிங் அவ்ளோ மோசமாக்கா?”

“ஐயோ, அதில்லம்மா. காது வலி. காத்து படக் கூடாதுன்னு...” என்று வாய்க்கு வந்ததை உளறிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்னால் வீசினாள். உண்மையைச் சொல்ல முடியுமா? சொன்னால் யார் பழக வருவார்கள்? கடிதத்தை மடித்து டாஷ்போர்டின் சின்ன அறைக்குள் திணித்தாள். மூடிய பிறகுதான் தோன்றியது, கடிதமும் அந்த எமனும் இப்போது பக்கத்துப் பக்கத்து வீடு என்று.

நான்காம் மாதம் சர்வீஸ் சென்டருக்கே நேரில் போனாள். கஞ்சி போட்ட சட்டையில் மானேஜர் சிரித்தார். அவருக்குப் பின்னால், கண்ணாடிச் சுவருக்கு அப்பால், அவளுடைய மாடலே புதுசாக, பானட்டில் சிவப்பு ரிப்பனோடு நின்றிருந்தது.

“அந்த வண்டில ஏர்பேக் இருக்கா சார்?”

“இருக்கு மேடம். புது டிசைன். நூறு சதவீதம் பாதுகாப்பு.”

“அப்ப பார்ட் இருக்கு.”

“அது... புது வண்டிகளுக்குன்னு ஒதுக்கின ஸ்டாக் மேடம்.”

“ஓஹோ. விக்கறதுக்கு இருக்கு. வித்ததுக்கு இல்ல.”

மானேஜர் சிரிப்பை மாற்றாமல் ஒரு தாளை நகர்த்தி வைத்தார். ‘அந்த சீட்டில் யாரும் உட்காரக் கூடாது என்று எனக்கு எச்சரிக்கப்பட்டது, மீறினால் நானே பொறுப்பு’ என்று அதில் அச்சடித்திருந்தது. அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. தப்பு பண்ணியது ஒருத்தன், கையெழுத்துப் போடுவது இன்னொருத்தியா? போடாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறாதாம். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டுவிட்டு வந்தாள்.

பார்ட்டுக்குத்தான் தட்டுப்பாடு. பயத்துக்கு எந்தத் தட்டுப்பாடும் இல்லை. முன்னால் ஒரு பஸ் நின்றால் முதுகை சீட்டோடு ஒட்டிக்கொண்டாள். நாய் குறுக்கே வந்தால் டாஷ்போர்டைத்தான் முதலில் பார்த்தாள். வாய் மட்டும் பழையபடி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: “மெதுவா... பிரேக்... அவ்ளோதான், சபாஷ்.”

நர்ஸ் நன்றாகவே தேறினாள். வார்டில் ராத்திரி ஷிப்ட் பார்த்துப் பார்த்து, நாலு வயது மகளைத் தூங்கும்போது மட்டும் பார்க்கிறவள் அவள். இப்போது ஆஸ்பத்திரியிலேயே ஒரு பகல் வேலை காலி. கார் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டினால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் அடுத்தவருக்கு.

டெஸ்ட் நடந்தது லைசென்ஸ் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில். ஆபீசர் கூண்டுக்குள் நின்று பார்ப்பார். ஓட்டுகிறவர் காரில் தனியாகப் போக வேண்டும். வளைவு சரி. ரிவர்ஸ் சரி. ஓரம்கட்டுவது அழகு. பிரேக்கக்கா பெஞ்சில் உட்கார்ந்து, கடைசியாக வந்த நிறுத்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் கோட்டை நெருங்கியது. கோட்டைத் தாண்டியது. ஒரு கார் நீளத்துக்கு மேல் தாண்டி, எல்லைக் கம்பத்தைத் தள்ளிச் சாய்த்துவிட்டு நின்றது. ஆபீசர் தாளில் ஒரு கோடு கிழித்தார். பிரேக்கக்காவின் ஆள், நிறுத்தக் கோட்டில் தோற்றுவிட்டாள்!

நர்ஸ் கீழே இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“பிரேக் இறங்கலக்கா. கல்லு மாதிரி இருந்துச்சு. எப்பவும் கால வெச்சாலே போதும், வெண்ணெய் மாதிரி இறங்குமே. உங்க வண்டில ஏதோ கோளாறு.”

பிரேக்கக்கா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தாள். சாதாரண பெடல். சாதாரணமாக எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவு அழுத்தினால் இறங்கியது. இரண்டாவது தடவை மிதித்தாள். மூன்றாவது தடவை மிதிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

கால வெச்சாலே போதும்! போதாமல் என்ன? அந்தப் பக்கம் இவள் கால் முந்திக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்ததே. ஐந்து மாதமாக ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு திருப்பத்திலும், பயத்தில் தானே மிதித்துவிட்டு, வாய் கூசாமல் சபாஷ் சொல்லியிருக்கிறாள். நர்ஸ் இதுவரை ஒரு தடவைகூட உண்மையாக பிரேக் போட்டதே இல்லை.

“வண்டில கோளாறு இல்லம்மா. என் கால்லதான்.”

சின்ன அறையைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

“அன்னிக்கு ஹெல்மெட்...”

“ஆமா.”

“காது வலின்னு சொன்னீங்க. நான் நர்ஸ்க்கா! காது வலிக்கு யாராவது ஹெல்மெட் போடுவாங்களா? நீங்க சொன்னீங்கன்னு நம்பினேன் பாருங்க, என்னச் சொல்லணும்.” குரல் ஏறிக்கொண்டே போனது. “கண்ணாடித் துண்டு ஏறின மூஞ்சிய நான் தச்சு அனுப்பியிருக்கேன். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா அது என் கையால ஆகியிருக்கும். ஸ்டியரிங் என் கையிலதானே இருந்துச்சு? ஆயுசுக்கும் அதத் தூக்கிக்கிட்டு நான் திரியணுமா? ஒரு வார்த்த சொன்னீங்களா?”

“சொன்னா நீ வந்திருக்க மாட்ட.”

“வந்திருக்க மாட்டேன்தான்! வேற எங்கயாவது போய் பிரேக் போடக் கத்துக்கிட்டிருப்பேன்!”

பிரேக்கக்கா அந்தச் சின்ன அறையை அடித்து மூடினாள். அந்தப் பெண் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். அதுதான் இன்னும் எரிந்தது. எவனோ செய்த சாமான், எவனோ தராத பார்ட், திட்டு வாங்குவது இவள், வேலை போவது அந்தப் பெண்ணுக்கு. அந்த டப்பா இன்னும் வெடிக்கவே இல்லை. அதற்குள் ரெண்டு பேரைச் சாய்த்துவிட்டது.

“அடுத்த டெஸ்ட் பன்னெண்டு நாள் கழிச்சு. மாசக் கடைசிக்கு முன்னாடி அது ஒண்ணுதான் இருக்கு,” என்றாள். “நான் உன்ன பாஸ் பண்ண வைக்கறேன்.”

“நீங்க பின் சீட்டுக்குப் போங்க. அப்பதான் ஓட்டுவேன்.”

“கத்துக்கொடுக்கறவங்க பக்கத்துல இல்லாம நீ ரோட்டுல ஓட்டக் கூடாது. சட்டம்.”

“அப்ப யாரு உக்காரணும் அதுல? கடிதம் போட்டவங்களா?”

 பிரேக்கக்கா போனை எடுத்து சர்வீஸ் சென்டர் மானேஜரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டாள்.

“சார், நாளைக்கு ஒரு மணி நேரம் வர முடியுமா? ஒரு பொண்ணு வண்டி பழகுது. நீங்க என் சீட்ல உக்காரணும்.”

“எந்த சீட் மேடம்? அந்த... முன் சீட்டா?” மானேஜர் திணறினார். “எப்படி மேடம்? ரிஸ்க் இல்லையா?”

“உங்களுக்கு ரிஸ்க்.”

“இல்ல மேடம், பொதுவா சொன்னேன்...”

“கேட்டுக்கிட்டோம் சார். ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டோம். ஒரே ஒரு மணி நேரத்துக்கு உங்க உயிருக்கு ரிஸ்க். அஞ்சு மாசமா என் உயிருன்னா உங்களுக்கு ஒரு கையெழுத்து.” அவர் மறுபடி பேசுவதற்குள் துண்டித்தாள். 

நர்ஸ் கடிதத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை. மைதானத்தின் ஓரம் வரை விறுவிறுவென்று நடந்தாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

“இருபதுக்கு மேல போக மாட்டேன். ஆள் நடமாட்டம் இல்லாத ரோடாப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சீட்ட எவ்ளோ பின்னாடி தள்ள முடியுமோ தள்ளுங்க.”

பிரேக்கக்கா தள்ளினாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் இழுத்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நிஜ ஆபத்து என்றால் நீட்டலாம். பயத்துக்காக நீட்டக் கூடாது. அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த காலாகத்தான் அது பதினொரு வருஷம் இருந்தது.

குடோன்களுக்குப் பின்னால் போகும் ரோட்டில் நான்கு சுற்று. நர்ஸ் மிதித்தாள், கார் குதித்து நின்றது. மிதித்தாள், தாண்டி நின்றது. பெடலை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவள்போல மிதித்தாள். ஐந்தாவது சுற்றில், மெயின் ரோட்டைத் தொடும் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பைக்காரன் எங்கிருந்தோ உள்ளே வெட்டினான்.

பிரேக்கக்காவின் கால் துடித்தது. எதிரே டாஷ்போர்டின் மூடி, ஒரு முழ தூரத்தில். பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலைத் தரையோடு அழுத்தினாள்.

கார் நின்றது. பைக்கின் பின் சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம். நர்ஸ் கண்ணாடியை இறக்கி, வார்டில் என்றைக்கும் பேசியிருக்க முடியாத ஒரு வார்த்தையால் பைக்காரனைத் திட்டினாள். மூச்சு விடாமல் கம்பெனியை, மானேஜரை, வழியில் பிரேக்கக்கா சொல்லிக் கேட்ட அந்தத் தேன் குரலை, எல்லோரையும் வரிசையாகத் திட்டி முடித்தாள்.

பிறகு ஸ்டியரிங்கை விடாமலே கேட்டாள்: “நானா போட்டேன்?”

“நீதான். நான் தொடவே இல்ல.”

நர்ஸ் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தாள். வெறுங்கால்கள் அங்கேயே இருந்தன. நிமிர்ந்தாள்.

“என்னக்கா, அழறீங்களா?”

“கோபம்மா. எனக்குக் கோபம் வந்தா கண்ணுலதான் வரும்,” என்றாள் பிரேக்கக்கா. “பச்சை விழுந்துடுச்சு பாரு. எடு வண்டிய.”