நவம்பருக்கு முன்னால் வந்த போன்

"அந்தப் போன் எங்கேடி?"

லோசலினே அத்தையின் குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தபோது லெசியேலி கொல்லையில் உட்கார்ந்து சேப்பங்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி விரலில் இறங்கிற்று. விரலை வாயில் வைத்துக்கொண்டு, "உத்தரத்து மேல, பைபிளுக்குப் பக்கத்துல இருக்கு அத்தை" என்றாள்.

அத்தையோடு படகில் வந்திருந்த மகள் அதை எடுத்துக் கொடுப்பதும், கைப்பையின் கொக்கி மூடிக்கொள்வதும் காதில் விழுந்தன. அவ்வளவுதான். போன் போயிற்று.

அத்தையைக் குறை சொல்ல வழியில்லை. அப்பா கெலெபி நேற்று மதியம் வள்ளிக்கிழங்குத் தோட்டத்தில் குனிந்தவர் நிமிரவில்லை. லோசலினே அவருடைய மூத்த அக்காள். தொங்காவில் தம்பி செத்தால் அக்காள் வைத்ததுதான் சட்டம். பிணத்தின் தலைமாட்டில் உட்கார அவளுக்குத்தான் உரிமை. துக்கத்துக்குச் சீராக வருகிற பாய்களில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்வதும் அவள்தான். செத்தவர் பொருளில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. பெற்ற மகளோ அப்பாவின் தலையைத் தொடக்கூடாது, அவர் தட்டில் மீந்ததைத் தொடக்கூடாது, அவர் பொருளையும் தொடக்கூடாது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு, கொல்லையில் மண்ணடுப்பைப் பார்க்க வேண்டியதுதான். லெசியேலிக்கு அதில் வருத்தமில்லை. அவளுடைய வருத்தம் மணி மூன்றைப் பற்றியது.

அடக்கம் மூன்று மணிக்கு. அவள் தம்பி மானாசே ஆஸ்திரேலியாவில், மில்டுராவில், ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தான். வந்து சேர முடியாது. ஊர் அதிகாரி தவாக்கே தன் பழைய போனை எடுத்துக்கொண்டு படகுத்துறைக் கல்லின் உச்சியில் ஏறி நின்று, நேற்றே அவனுக்குச் செய்தி சொல்லிவிட்டார். பழைய போனில் பேச்சு மட்டும்தான் போகும், அதுவும் அறுந்து அறுந்து. மானாசே அழவில்லையாம். "எத்தனை மணிக்கு? மூணா? இங்க பன்னண்டு. அப்பா போன்ல காட்டச் சொல்லுங்க. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றானாம். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

காட்டவேண்டிய போன் இப்போது கைப்பைக்குள்.

அந்தப் போன் வந்த கதையைச் சொல்லாமல் கெலெபியைப் பற்றிச் சொல்ல முடியாது. படகிலிருந்து வீசுகிற கயிற்றைப் பிடித்துத் துறையில் கட்டுவது அவர் வேலை. இருபத்தெட்டு வருஷம் கயிறு கட்டியவர், ஒருநாளும் படகில் முதல் ஆளாக ஏறியதில்லை. கோயிலில் கடைசிப் பெஞ்சு, விருந்தில் கடைசிப் பந்தி. அப்படிப்பட்டவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எல்லோரையும் முந்தினார்.

பக்கத்துத் தீவின் குன்றில் மே மாதமே புதுக் கோபுரம் எழும்பிவிட்டது. முகம் பார்த்துப் பேசலாம் என்றார்கள். ஆனால் அந்தக் கோபுரத்தோடு பேசத் தெரிந்த போன் நவம்பரில்தான் தொங்காக் கடைகளுக்கு வரும். சும்மாவும் வராது. பந்தல் போட்டு, பித்தளை வாத்தியம் முழங்க, போதகர் ஜெபிக்க, தீவுக்குத் தலைவரான பிரபு உரையாற்ற, நாற்பது பன்றிகள் உயிரை விட, அதன்பிறகு வரும். முதல் அழைப்பைப் பிரபுவுக்குச் செய்கிற பெருமை ஊர் அதிகாரி தவாக்கேயுடையது. அதில் பேசவேண்டியதை அவர் ஜூனிலேயே எழுதி மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார். நான்கு பக்கம். பந்தலடியில் நிற்கப்போகும் பிரபு, காதில் வேறு போனை வைத்துக்கொண்டு அதை முழுக்கக் கேட்டாக வேண்டும்.

மானாசே கிளம்பிய வாரம் கெலெபி தவாக்கேயிடம் போய்க் கேட்டார்.

"நவம்பர்ல நிச்சயமா வந்துடுமா?"

"வந்துடும்."

"பையன் டிசம்பர்ல திரும்பிடுவானே."

"அப்புறம் என்ன? நேர்லயே பாத்துக்கோ."

கெலெபி தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாள், வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கிற தன் கவாச் செடிகளை வேரோடு பிடுங்கிக் காயவைத்து, விற்றுப் போன் வாங்கச் சொல்லி ஆக்லாந்தில் இருக்கும் ஒரு பங்காளிக்கு அனுப்பினார். ஜூலையில் சபை மாநாட்டுக்குப் போய்த் திரும்பிய போதகரின் பெட்டியில், போதகருக்கே தெரியாமல், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போன் வந்து இறங்கியது. எந்த நிறுவனத்து சிம்மைப் போட்டாலும் ஏற்றுக்கொள்கிற போன். ஹாங்காங்கிலிருந்து ஆக்லாந்து வழியாக வந்தது. திறந்தால் உள்ளே முழுக்கச் சீன எழுத்து.

"இங்கிலீஷுக்கு மாத்தலாமாம்ப்பா. தம்பிகிட்ட கேளுங்க" என்றாள் லெசியேலி.

"இங்கிலீஷும் எனக்குத் தெரியாது, இதுவும் தெரியாது. இது பாக்கவாவது அழகா இருக்கு" என்றார் கெலெபி. மாற்ற விடவில்லை. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து என்று, பாறையைப் பார்த்துப் படகோட்டுகிறவர் மாதிரி, இடம் பார்த்தே கற்றுக்கொண்டார்.

ஊரில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற மேடு ஒன்றே ஒன்று, கல்லறைத் தோட்டம். மாலையானால் கெலெபி அங்கே போய், மனைவியின் கல்லறைத் திட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். இதைக் கண்டு நெகிழ்ந்த போதகர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பிரசங்கத்தில் உதாரணம் காட்டினார். "மறைந்த மனைவியை மறவாத கணவனைப் பாருங்கள்!" மூன்றாவது வாரம் கல்லறைத் தோட்டத்திலிருந்து மானாசேயின் சிரிப்புச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கவே, பிரசங்கம் வேறு பொருளுக்கு மாறியது. தவாக்கே இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

லெசியேலியும் கூடப் போவாள். போனுக்குப் பின்பக்கம் உட்கார்வாள். வயது வந்த அக்காளும் தம்பியும் முகம் பார்த்துக் கதையடிப்பது அங்கே வழக்கமில்லை. நடுவில் அப்பாதான்.

"சாப்டியான்னு கேக்குறா."

"யாருப்பா?"

"யாரா? உங்கக்காடா. பின்ன, இங்க மேயிற பன்னியா கேக்கும்?"

அப்படி அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்தே, எதைத் தொட்டால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஒருநாளும் போனைத் தொட்டதில்லை.

இப்போது அடுப்பில் கல் சூடேறிக்கொண்டிருந்தது. கெலெபியின் தாய்மாமன் மகன் ஹெனேலி பன்றியைப் புரட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டுத்தான் பாரேன்மா."

"அத்தைகிட்ட? நானா மாமா?"

"தப்புதான். ஆனா நான் போய்க் கேட்டா, பன்னியை இறக்கிட்டு என்னை இதுல வச்சு மூடச் சொல்லும்."

அந்த நேரம் தவாக்கே முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். அவரும் கெலெபிக்கு அம்மா வழிச் சொந்தம்தான், சாவு வீட்டில் தாழ்ந்த பக்கம், கிழிந்த பாய் கட்டவேண்டியவர். மடிப்புக் கலையாத புதுப் பாய் கட்டியிருந்தார். லெசியேலி சன்னலோரம் நகர்ந்து காதைக் கொடுத்தாள்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம். அந்தக் கருவி கல்லறைப் பக்கம் ஒலிக்காம இருந்தா நல்லது. முறைப்படி முதல் அழைப்பு நவம்பர்லதான். பிரபு காதுக்குப் போனா..."

அத்தை விசிறியை நிறுத்தவில்லை. "தவாக்கே."

"அம்மா."

"பாய் பளபளன்னு இருக்கே. கல்யாணத்துக்கு வந்தியா?"

தவாக்கே பாய் மாற்ற வீட்டுக்குப் போனார்.

லெசியேலி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டாள். முழங்காலிட்டு, தலையைக் குனிந்து, நகர்ந்து உள்ளே போனாள். அப்பாவை நறுமண எண்ணெய் பூசி, பாய் அடுக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள். அத்தையின் பெரிய உடம்பு அவர் தலைமாட்டில் ஒரு அலமாரி மாதிரி அசையாமல் இருந்தது. கைப்பையைக் காணோம்.

"அத்தை... மூணு மணிக்கு... மானாசே..."

"கிழங்கு வெந்துடுச்சா?"

"இல்லத்தை."

"பின்ன இங்க என்ன வேலை?"

அவள் வந்தவழியே நகர்ந்து வெளியே போனாள். மீதிக் கிழங்குகளைச் சீவினாள். அழுதாளா என்று பார்க்க ஹெனேலி திரும்பவில்லை. புகையைக் குறை சொல்லிக்கொண்டு தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் பெட்டி கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. வாத்தியக் குழுவை முன்னால் நடத்தி வந்த தவாக்கேயின் இடுப்பில் இப்போது நாய் கடித்தது போன்ற ஒரு பாய். அத்தைக்குக் குழியின் விளிம்பில் பாய் விரித்திருந்தார்கள். கைப்பை மடிக்குத் திரும்பியிருந்தது. லெசியேலி கூட்டத்தின் கடைசியில், சமையல் ஆட்களோடு நின்றாள்.

போதகர் ஜெபத்தைத் தொடங்கி ஐந்தாவது வாக்கியத்துக்கு வந்தபோது கொக்கி திறக்கும் சத்தம் கேட்டது. அத்தை போனை எடுத்தாள். கையை நீட்டி, தூரத்தில் பிடித்து, பார்த்தாள். ஒன்றைத் தொட்டாள். போனிலிருந்து பளீரென்று விளக்கு எரிந்து போதகரின் கண்ணில் அடித்தது. இன்னொன்றைத் தொட்டாள். தவாக்கேயைப் படம் பிடித்தது. மூன்றாவதைத் தொட்டபோது ஒரு சீனப் பெண் கணீரென்று ஏதோ அறிவித்தாள். ஜெபம் நின்றது.

"லெசியேலி!"

கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் முழங்காலில் நகர்ந்து அத்தையின் பின்னால் போனாள்.

"என்னடி எழுத்து இது? நண்டு ஓடின மணல் மாதிரி! இதுல அவன் எங்கே இருக்கான்?"

"அத்தை, நான் தொடக்கூடாதே."

"தொடச் சொன்னேனா? சொல்லச் சொன்னேன். சொல்லு."

அத்தைக்கு யாரும் எதையும் செய்யச் சொல்லி ஊர் பார்த்ததில்லை.

"கீழே... இடது ஓரம்... பச்சை வட்டம். அதைத் தொடுங்க."

அத்தை தொட்டாள்.

"இல்லத்தை, அது நீலம். பச்சை. ம்... இப்போ மேலேர்ந்து மூணாவது வரி. வீடு மாதிரி ஒரு எழுத்து. இல்ல, அதுக்குக் கீழ. அழுத்தாதீங்க, லேசா."

"லேசாத்தானேடி தொடுறேன்."

"ஈ உக்காந்த மாதிரி தொடணும் அத்தை."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தவாக்கே ஒரு அடி முன்னால் வந்தார். "அம்மா, கொடுங்க, நான் வேணும்னா..."

"நீ நவம்பர் வரைக்கும் பொறு" என்றாள் அத்தை, போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

அப்போதுதான் லெசியேலி மூலையில் இருந்த சின்ன மின்கலப் படத்தைப் பார்த்தாள். முந்தாநாள் மாலை அப்பா பேசி முடித்தபோது அது சிவப்பில் இருந்தது. இப்போது முழுசாக நிரம்பியிருந்தது. இந்தத் தீவில் போனுக்கு மின்சாரம் ஏற்ற, போதகர் வீட்டுக் கூரையிலுள்ள சூரியத் தகட்டை விட்டால் வேறு இடமில்லை. காலையில் கைப்பை எங்கே போயிருந்தது என்பது அவளுக்குப் புரிந்தது.

மணி ஒலித்தது. ஒரே ஒரு தரம்தான், அதற்குள் எடுத்துவிட்டான்.

லெசியேலி சட்டென்று பின்னால் விலகி, படம் விழாத பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து ஓரமாகத் தெரிந்தது. மானாசே மரங்களுக்கு நடுவே, வெறுங்காலுடன் நின்றிருந்தான். இடுப்பில் ஒரு கிழிந்த சாக்கு. பழைய மூட்டைச் சாக்கைப் பிரித்து, கால்வரைக்கும் தொங்கவிட்டு, தோட்டத்துக் கயிற்றால் கட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால் வேலைக்கு வந்த வேறு நாட்டுப் பையன்கள் இரண்டுபேர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்கள்.

அத்தை அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"திரும்பு."

மானாசே திரும்பினான். பின்பக்கம் சாக்கு நார் நாராகத் தொங்கியது.

"சரியாத்தான் கட்டியிருக்கே" என்றாள் அத்தை. "கண்ணைத் திறந்து பாரு. உங்கப்பனைக் காட்டுறேன்." போதகரிடம் திரும்பி, "ம், நீங்க முதல்லேர்ந்து ஆரம்பிங்க" என்றாள்.

போதகர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அத்தை வலது கையைத் தூக்கிப் போனைக் குழியைப் பார்த்துப் பிடித்தாள். பெட்டி இறங்கியது. அத்தையின் கை இறங்கவில்லை. ஜெபம் முடிந்து வாசிப்பு வந்தது, வாசிப்பு முடிந்து தவாக்கேயின் இரங்கலுரை வந்தது. மகள் குனிந்து, "நான் கொஞ்சம் பிடிக்கட்டுமாம்மா?" என்றாள். "போடி." அந்தக் கை எழுபத்தொரு வருஷக் கை. முழங்கைக்குக் கீழே சதை நடுங்கத் தொடங்கியிருந்தது.

பிறகு பாட்டு. பாட்டுத் தலைவர் தாளம் அரைக்கால் தவறினால் சொந்த மனைவியையே வெளியே நிறுத்துகிறவர். முதல் அடியைக் குழு பாடி முடித்தபிறகு போனிலிருந்து மானாசேயின் குரல் வந்தது. அவன் சரியாகத்தான் பாடினான். கடலைத் தாண்டி வந்ததில் ஒரு மூச்சு பிந்திவிட்டது. தலைவர் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது அடியிலும் அப்படியே.

லெசியேலி அத்தையின் பின்னால் முழங்காலில் நகர்ந்து வந்தாள். போனில் பட்டுவிடாமல், படத்தில் விழுந்துவிடாமல், தலையைத் தாழ்த்தி, அந்த முழங்கைக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தாள். சற்றுப் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, அந்தக் கையின் கனம் முழுக்க அவள் தோளில் இறங்கியது.

ஹெனேலியும் மற்றவர்களும் ஓலைக்கூடைகளிலிருந்து வெள்ளை மணலைக் குழியில் சரித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுத் தலைவர் மூன்றாவது அடிக்காகக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, போனுக்குள் அந்தக் குரல் தன் அடியைப் பாடி முடிக்கும்வரை காத்திருந்தார்.