ஏழாம் எண் வீடு

சேர்க்கைப் படிவத்தில் விலாசம் கேட்டிருந்த இடத்தில் வஷீலாவின் கை தானாக 'ஏழு, வில்லோ தெரு' என்று எழுதிவிட்டது. பொய் சொல்லும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. நகரத்துக்கு வெளியே அவள் குடியிருக்கும் மிட்செல்ஸ் ப்ளெயின் மணல்மேட்டில் யாரைக் கேட்டாலும், லாரியில் ஏற்றித் துரத்தப்படுவதற்கு முன் குடும்பம் இருந்த தெருவைத்தான் சொந்த இடமாகச் சொல்வார்கள். வஷீலா அந்தத் தெருவில் பிறந்தவள்கூட இல்லை.

பதினோரு வருடமாக அவள் பெருக்கித் துடைக்கும் பள்ளிக்கூடம் இது. மகள் நஸ்ரீனுக்கு இங்கே எட்டாம் வகுப்பில் ஓர் இடம் வேண்டும். அவள் இப்போது படிக்கும் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஐம்பத்தாறு பேர்.

படிவத்தைப் பார்த்த அலுவலக அம்மாள் மிஸஸ் ஹார்ட்லி கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்ன வஷீலா இது? ஏழாம் நம்பர் ப்ராட்லி வீடாச்சே! அந்த விலாசத்துலதான் அவங்க பையனைச் சேர்த்தோம்."

"அந்த வீட்டை எங்கப்பா கட்டினாரு மேடம். வெள்ளைக்காரங்க மட்டும்தான் இருக்கலாம்னு சட்டம் போட்டு வெளிய தள்ளினாங்க."

"அதெல்லாம் பழைய கதைம்மா. அஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் இடம். நாங்க தோலைப் பார்க்கறதில்ல, விலாசத்தைத்தான் பார்க்கறோம்."

வஷீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அன்னிக்குத் தோலைப் பார்த்துத்தானே மேடம் விலாசத்தையே குடுத்தாங்க?"

மிஸஸ் ஹார்ட்லி புதுப் படிவம் ஒன்றை நீட்டினாள். சட்டம் செத்து முப்பது வருடமாகிறது. அது போட்ட கோடு மட்டும் கல்லாட்டம் இருக்கிறது, அதற்குக் காவல் காக்க இப்போது ஒரு படிவமே போதும். என்ன நியாயம் இது! வஷீலா மணல்மேட்டு விலாசத்தை எழுதினாள். தூரம்: இருபத்தைந்து கிலோமீட்டர். அவள் கண்ணெதிரிலேயே 'எல்லைக்கு வெளியே' என்று முத்திரை விழுந்தது.

வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை மிஸஸ் ஹார்ட்லி கூப்பிட்டாள்.

"நாளைக்குப் புது பிள்ளைங்க வர்றாங்க. ஆறு மணிக்கே கேட்டைத் திறந்துடு. சாவி உங்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு மேடம். அதுக்கு மட்டும் நான் பக்கத்துலயா இருக்கேன்?"

மிஸஸ் ஹார்ட்லி அடுத்த படிவத்தை எடுத்தாள்.