குட்டி இருக்கிறதா என்று பார்க்கவில்லை

என்னைத் திட்டுவதற்கு எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். பூனை அளவுதான் இருப்பாள். முகம் என்னுடையது. குரலும் என்னுடையது. கிரைண்டருக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வாள்.

காலையில் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தால் எழுந்துவிடுவாள்.

"இத்தனை வருசமா ஊத்துற. இன்னும் வட்டமா வரல."

"ஆமா," என்பேன்.

"இந்த மூஞ்சிக்குப் புதுப் புடவை வேற."

"ஆமா."

ஆமா போட்டால் அடங்கித் தூங்கிவிடுவாள். போடாவிட்டால் பாத்திரத்தை உருட்டுவாள். என் கணவர் சேவியர் அவளைத் தாண்டித்தான் தண்ணீர் எடுக்கப் போவார். மிதித்துவிடாமல் போவார். நல்ல மனிதர்.

"எல்லா வீட்லயும் இருக்கறதுதானே ஸ்டெல்லா. விடு," என்பார். அவருடையது ஆபீசில் இருக்கிறதாம். மேசைக்கு அடியில்.

நானும் விட்டிருப்பேன். எங்கள் மகள் ஜெனிட்டா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு நாள் யானை வரைந்துகொண்டிருந்தாள். தும்பிக்கை கோணிக்கொண்டது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தன்னைப் பார்த்து, "லூசு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைய கிழமையைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

கிரைண்டர் பக்கத்தில் கிடப்பவள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். என் பிள்ளையிடம் வரக் கூடாது. இவளை அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊரில் பூனைகளை அப்படித்தான் விடுவோம். சாக்கில் போட்டுக் கட்டி, ஆற்றைத் தாண்டி அவிழ்த்துவிட வேண்டும். குறுக்கே ஆறு இருந்தால் பூனைக்கு வழி தெரியாது.

அரிசிச் சாக்கை விரித்துப் பிடித்தேன். அவளே உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"முடிச்சாவது ஒழுங்கா போடுவியா?"

அவிழ்த்து மறுபடி போட்டேன்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"பூனையா, பேச்சா?"

"பேச்சு."

"பேச்சுக்கு டிக்கெட் கிடையாது. மடியில வச்சுக்கங்கம்மா. அடுத்தவங்க காதுல விழாம பாத்துக்கங்க."

பாலம் அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. பாதியில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். எல்லோரும் இறங்கி டீ குடித்தோம். ஏறினோம். பாலம் இன்னும் இருந்தது. "தப்பான பஸ்ல ஏறிட்ட," என்றது சாக்கு.

அக்கரை ஸ்டாப்பில் ஒரு அம்மாள் சாக்கோடு நின்றிருந்தார். எங்கள் கரைக்கு வருவதற்காக நின்றிருந்தார். இருவரும் சாக்குகளைப் பார்த்துக்கொண்டோம்.

"அந்தப் பக்கம் நல்லா பாத்துக்குவாங்களா?" என்று கேட்டார்.

"பழகிக்குவாங்க," என்றேன்.

தென்னந்தோப்பில் முடிச்சை அவிழ்த்தேன். அவள் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் என்னோடு தினமும் உட்கார்ந்து பேசியவள் அவள் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து தோசை ஊற்றினேன். கோணலாக வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நின்றபடியே தின்றேன். அவ்வளவு ருசியாக இருந்தது.

அப்போது ஜெனிட்டாவின் ஸ்கூல் பைக்குள் யாரோ பேசினார்கள்.

பென்சில் டப்பாவைத் திறந்தேன். ரப்பருக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒன்று கிடந்தது. ஜெனிட்டாவின் முகம். கண் இன்னும் திறக்கவில்லை.

"உனக்கு வராது," என்றது அது.

"ஆமா," என்றாள் ஜெனிட்டா. தலையை என்னைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்.

பூனையை விடப் போகிறவர்கள் முதலில் வீட்டில் குட்டி இருக்கிறதா என்று தேடுவார்கள். பரண், கட்டிலடி, பழந்துணி மூட்டை என்று ஒன்று விடாமல் பார்ப்பார்கள். நான் பார்க்கவில்லை.

"இது எப்பருந்து இருக்கு?"

"ரொம்ப நாளா." டப்பாவை மெதுவாக மூடினாள். "சத்தம் போடாதம்மா. ஆமா சொன்னா தூங்கிரும். நீ அப்படித்தான தூங்க வைப்ப?"

சுவரைப் பிடித்துக்கொள்ளப் போனேன். சுவர் கொஞ்சம் தள்ளிப் போனது.

சேவியர் வந்து டப்பாவைத் திறந்து பார்த்தார். "தாயக் கொண்டுபோய் விட்டுட்டியே ஸ்டெல்லா. தாயில்லாத குட்டி புள்ளையோட ஒட்டிக்குமே. அப்புறம் எறங்காதே." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளைத் திரும்பக் கூட்டி வர மறுபடி பஸ் ஏறினேன். இந்த முறை பாலம் பஸ்ஸைவிடக் குட்டையாக இருந்தது. அவள் அக்கரை ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நீ வருவன்னு தெரியும். எதை உருப்படியா முடிச்சிருக்க?"

"என் புள்ளைகிட்ட என்ன சொன்ன?"

"அவகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. உங்கிட்டதான் பேசினேன்." கொட்டாவி விட்டாள். "நீ பதில் சொன்ன. அதைத்தான் அவ கேட்டுக்கிட்டிருந்தா."

இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன். கனக்கவே இல்லை.

வீட்டில் ஜெனிட்டா பாயில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் குட்டி. நான் சுமந்து வந்தவளை எதிரே இறக்கிவிட்டேன். குட்டி மூக்கைச் சுளித்து மோப்பம் பிடித்தது. ஆனால் பிள்ளையின் கையை விட்டு இறங்கவில்லை.

நான் தூக்கி வந்தவள் குட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவளும் உன்ன மாதிரிதான் ஆவா."

அவள் சொன்னதிலேயே நான் முழுதாக நம்பியது இதுதான். ஆமா தொண்டை வரை வந்துவிட்டது. ஜெனிட்டா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டியும் தலையைத் தூக்கிக் காத்திருந்தது.

"இல்ல," என்றேன்.

நம்பிச் சொல்லவில்லை. பிள்ளை பார்க்கிறாளே என்று சொன்னேன். சமையலறையில் பாத்திரங்கள் எல்லாம் எழுந்து, வரிசையாக வாசல் பக்கம் உருண்டு போயின.

"கேக்கல. சத்தமா சொல்லு," என்று என் குரலிலேயே அதட்டினாள் அவள்.

"இல்ல."

"அப்படிச் சொன்னா அது தூங்காதேம்மா," என்றாள் ஜெனிட்டா, பயந்துபோய்.

"முழிச்சிருக்கட்டும்."

ஜெனிட்டா குட்டியை முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.

"உனக்கு வராது," என்றது குட்டி.

"இல்ல. வரும்." அவளுக்கே கேட்டிருக்காது. அவ்வளவு சின்னக் குரல். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "சரியா சொன்னேனாம்மா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அவள் உதடு பிதுங்கியது. "தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லடி செல்லம். இல்ல, இல்ல," என்றேன். அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை.