சும்மா கிடந்த சர்வர்

சின்னுவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். அன்று காலை மடிக்கணினியை முறைத்தபடி அவள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததைக் கண்ட மகள், ஷூவை மாட்டிக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள்: "அம்மா கப்சிப்னு இருக்காங்க. நீங்க என்ன செஞ்சீங்க?"

பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை. செய்தது முகம் தெரியாத ஒரு கம்பெனி.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். சின்னுவின் நாத்தனார் ஒரு டயாலிசிஸ் மையத்தில் நர்ஸ். சிறுநீரகம் பழுதானவர்கள் வந்து, மணிக்கணக்கில் படுத்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம் அது. அங்கே இயந்திரங்கள் அடிக்கடி படுத்துக்கொள்ளும். உடனே ஒருவருடைய முறை காலையிலிருந்து மாலைக்கு மாறும், இன்னொருவருடையது மறுநாளுக்குப் போகும். மையத்திலிருந்து யாராவது கூப்பிட்டுச் சொன்னால் உண்டு. மறந்துவிட்டால் நோயாளி வாசல் வரை வந்து திரும்ப வேண்டியதுதான்.

"மூச்சு வாங்கிக்கிட்டு வர்றாங்க அண்ணி. அவங்க மூஞ்சியப் பாத்து, போயிட்டு நாளைக்கு வாங்கன்னு நான்தான் சொல்ல வேண்டியிருக்கு" என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நாத்தனார் கண் கலங்கினாள்.

அது சின்னுவின் மனதில் முள்ளாகத் தைத்தது. அவள் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள். வெப்சைட் என்பது பார்ப்பதற்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தாள். தேடிப் பார்த்தபோது, ஒரு கிளவுட் கம்பெனி 'என்றென்றும் இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, சின்னதாக ஒரு சர்வர் தருவது தெரிந்தது. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் ஓடும் கணினியில் நமக்கென்று ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுப்பார்கள். இங்கிருந்து கட்டளையைத் தட்டினால் அங்கே வேலை நடக்கும். கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் தளத்தை நடத்துங்கள், வாருங்கள் வாருங்கள் என்று அழைத்தது விளம்பரம்.

போனாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, குக்கர் விசிலுக்கு நடுவே, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எத்தனையோ முறை அந்தச் சர்வரைக் குட்டிச்சுவராக்கினாள். ஒருமுறை பாதுகாப்புக்காக ஃபயர்வால் போடுகிறேன் என்று எல்லா வழியையும் அடைத்து, தானே உள்ளே நுழைய முடியாமல் திருதிருவென்று விழித்தாள். அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அந்தச் சூடு கண்ட பிறகுதான் எல்லாவற்றுக்கும் வீட்டுக் கணினியில் ஒரு பேக்கப் வைக்கும் பழக்கம் வந்தது.

கடைசியில் ஒரே ஒரு பக்கம் உருவானது. படம் இல்லை, ஆட்டம் பாட்டம் இல்லை. இன்று எந்த இயந்திரம் ஓடுகிறது, எந்த நேரத்து ஆட்கள் எப்போது வர வேண்டும், அவ்வளவுதான். நோயாளிகளின் பெயர்கூட இருக்காது. படுக்கை எண் மட்டும். பழைய போனிலும் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு வரியாகச் செதுக்கி இளைக்க வைத்திருந்தாள். நாத்தனார் வேலைக்கு நடுவே தன் போனிலிருந்து விவரத்தை மாற்றிவிடுவாள். முதலில் நாலைந்து குடும்பங்கள் பார்த்தன. பிறகு எல்லோரும் பார்த்தார்கள். மையத்தின் வரவேற்பு மேசையிலேயே பக்கத்தின் முகவரியை அச்சடித்து ஒட்டினார்கள். சின்னுவுக்கு அதைப் பார்த்ததும் உச்சி குளிர்ந்துபோனது.

அந்தப் பக்கம்தான் அன்று காலை திறக்கவில்லை. கம்பெனியிலிருந்து வந்த தகவலில் இரண்டே வரி: உங்கள் சர்வர் போதிய அளவு வேலை செய்யாமல் சும்மா இருந்ததால் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டது. எச்சரிக்கை முன்பே வந்திருந்ததாம். தேடிப்பிடித்தாள். லாட்டரிப் பரிசுக்கும் வழுக்கைத் தைலத்துக்கும் நடுவே, மின்னஞ்சல் குப்பையில் கிடந்தது.

உதவிப் பக்கத்தில் போய் எழுதினாள். 'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது' என்று பதில் வந்தது. நோயாளிகள் பார்க்கும் பக்கம் என்றாள். 'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது' என்றது மறுபடியும். புரிந்தால் சர்வரைத் திருப்பிக் கொடுங்கள் என்று தட்டினாள். இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது.

இணையத்தில் இதே போல அடிபட்டவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் ஒருவர் வழி சொல்லியிருந்தார். அடுத்த முறை சர்வரை வெட்டியாக எதையாவது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க விடுங்கள். பரபரப்பாக இருப்பதாக நினைத்து விட்டுவிடுவார்கள் என்று. அதைப் படித்ததும்தான் சின்னுவுக்குப் பேச்சு நின்றது.

"ஓசியில குடுத்தான், ஓசியிலேயே எடுத்துக்கிட்டான். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு..." என்றார் கணவர்.

"நானா போய்க் கையேந்தினேன்? வாங்க வாங்கன்னு அவன்தானே கூப்பிட்டான்?" அவள் வெடித்தாள். "எடுத்தது கூடப் போகட்டும். சும்மா இருந்துச்சாம்! நாலு ஆள் செய்யற வேலைய அலட்டிக்காம செஞ்சுது, அது சும்மாவா? சத்தம் போட்டு ஊரைக் கூட்டினாத்தான் வேலைன்னு ஒத்துக்குவாங்களா?"

கணவர் சாவிக்கொத்தைத் தேடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். போன வாரம்தான், மனைவி என்ன செய்கிறாள் என்று கேட்ட நண்பரிடம், "வீட்டுல சும்மாதான் இருக்கா" என்று அவள் காதுபடச் சொல்லியிருந்தார்.

அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் டயாலிசிஸ் மையத்தின் மேலாளர் போன் செய்தார். நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"என்னம்மா, உங்க சைட்டு ஓப்பனே ஆகல? இங்க ஒரு பெரியவர் தப்பான நேரத்துல வந்து நிக்கிறாரு. எல்லாரும் எங்களத் திட்றாங்க. பொறுப்பா செய்ய முடியாதுன்னா எதுக்கு ஆரம்பிக்கணும்?"

சின்னு ஆட்டோ பிடித்து மையத்துக்குப் போனாள். நடைபாதை பெஞ்சில் ஒரு முதியவர் சாய்ந்திருந்தார். வீடு கட்டும் இடங்களில் தச்சு வேலை செய்தவர். நாத்தனார் அடிக்கடி சொல்லும் ஆள். கால்கள் வீங்கிச் செருப்புக்கு வெளியே பிதுங்கியிருந்தன. அவருடைய இயந்திரம் முந்தின நாளே பழுதாகி, முறை மாலைக்கு மாறியிருந்தது. கிளம்பும்போது பக்கத்தைப் பார்க்க முடியாததால் வழக்கம்போலக் காலையிலேயே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். திரும்பிப் போய் மறுபடி வரத் தெம்பில்லை.

"முன்னெல்லாம் போன் பண்ணிச் சொல்லுவாங்கம்மா" என்றார் அவர், மூச்சுக்கு நடுவே. "அந்த சைட்டு வந்ததிலேருந்து பண்றதில்ல. கேட்டா, அதுல பாருங்கன்றாங்க."

சின்னுவுக்குச் சுருக்கென்றது. உச்சி குளிர்ந்த அதே மேசையைத் திரும்பிப் பார்த்தாள். முகவரி அச்சடித்த தாள் பளபளப்பான உறைக்குள் இருந்தது. பக்கத்தில் டெலிபோன் துணி மூடிக் கிடந்தது. நல்லது செய்வதாக நினைத்து, இவர்கள் செய்ய வேண்டிய வேலையைத் தன் தலையில் வாங்கி, அதையும் ஓசிச் சர்வரின் தலையில் கட்டியிருக்கிறாள். இவர்களோ கையைத் தட்டி உதறிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மேலாளர் அறைக்குள் போனாள்.

"சார், வெளிய உக்காந்திருக்கிறவருக்கு நேத்தே ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"அதுக்குத்தான் உங்க சைட்டு இருக்கே?"

"அது என் சைட்டு. உங்க சைட்டு இல்ல. நீங்க எனக்குச் சம்பளம் குடுக்கல, சர்வர் குடுக்கல, ஒரு வார்த்தை நன்றின்னு சொல்லல. ஒருநாள் நின்னா மட்டும் பொறுப்பில்லன்னு திட்றீங்க!"

"இங்க வந்து சத்தம் போடாதீங்கம்மா. உங்க நாத்தனார் இங்கதான் வேலை பாக்குறாங்க, ஞாபகம் இருக்கட்டும்."

கதவருகே மருந்துத் தட்டோடு நின்றிருந்த நாத்தனாரின் முகம் வெளுத்தது. "அண்ணி, வாங்க போகலாம்" என்று கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். "என் வேலைக்கே வேட்டு வச்சிருவீங்க போல."

"உன் வேலையச் சொல்லி என் வாய அடைக்கிறான். நீ அவனுக்குப் பயப்படு, எனக்கு முடியாது" என்று சொல்லிவிட்டுச் சின்னு வந்துவிட்டாள். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று வழியில் தோன்றியது. ஆனால் கோபம் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேறொரு கம்பெனியின் இலவச சர்வரில் இடம் பிடித்தாள். பேக்கப் இருந்ததால் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் பக்கம் பழைய முகவரியிலேயே எழுந்து நின்றது. இந்த முறை அதன் தலையில் சில வரிகளைச் சேர்த்தாள்:

'இதை நடத்துவது டயாலிசிஸ் மையம் அல்ல, வீட்டிலிருக்கும் ஒருத்தி. இது எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். உங்கள் முறை மாறினால் போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது மையத்தின் கடமை. கேட்டு வாங்குங்கள்.'

மேலாளர் கொதித்துப்போனார். அந்த வரிகளை எடுக்கச் சொன்னார். சின்னு மறுத்தாள். விவரம் அனுப்பக் கூடாது என்று நாத்தனாருக்குத் தடை போட்டார். "நேற்று முதல் மையம் விவரம் தருவதில்லை" என்று அதையும் பக்கத்தில் ஏற்றினாள் சின்னு. அதன் பிறகு அவள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தச்சரின் மகள் முதலில் போய் நின்றாள். பின்னாலேயே மற்ற குடும்பங்கள் வந்தன. யாரும் கத்தவில்லை, மேலாளர் அறை வாசலில் வரிசையாக உட்கார்ந்து, எங்கள் போன் எண்ணை எழுதிக்கொண்டு, முறை மாறினால் கூப்பிடுவதாக ஒப்புக்கொள்ளும்வரை நகர மாட்டோம் என்றார்கள்.

இப்போது மையத்தில் மதியவேளையில் ஒருவர் உட்கார்ந்து எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்கிறார். நாத்தனாருக்கு வேலை போகவில்லை. ஆனால் மேலாளர் அவளை யாருக்கும் பிடிக்காத விடியற்காலை ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார். தடை நீங்கி அவள் மறுபடி விவரம் அனுப்புகிறாள், சின்னுவும் பக்கத்தை நடத்துகிறாள். இரண்டு பேரும் பழையபடி சிரித்துப் பேச இன்னும் நாளாகும். அந்த ஷிஃப்டு பற்றி நினைக்கும்போதெல்லாம் சின்னுவுக்கு மேலாளர் மேல் புதிதாகப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் தச்சர் கூப்பிட்டிருந்தார்.

"என்னம்மா இது, மதியம் கண்ண மூடினா போதும், மையத்துலேருந்து போன் அடிச்சு எழுப்பிவிட்டுர்றாங்க. முறை மாறலன்னு சொல்றதுக்குக்கூட ஒரு போனா?"

"நல்லா அடிக்கட்டுங்க, எடுத்துப் பேசுங்க" என்றாள் சின்னு.