முதல் வாய்த் தண்ணீர்

கெல்லூவுக்குத் தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. தலைநகர் என்ஜமேனாவில், அந்த ஓட்டல் அறையில், படத்துக்குத் திட்டம் போட்ட அன்று சும்மா இருந்திருந்தால் இந்த வினையே வந்திருக்காது.

டைரக்டர் பாஸ்தியான் பிரான்சிலிருந்து வந்தவன். பர்மிட், டீசல், ஜீப், சமையல் என்று சாட் நாட்டுக்குள் அவனுக்கு வேண்டிய எல்லா ஏற்பாட்டுக்கும் கெல்லூதான் பொறுப்பு. அன்று அவன் வரைபடத்தை மேசைமேல் விரித்துப்போட்டு, ஆயிரம் ஒட்டகத்தை ஒரே நேரத்தில் சுனையில் இறக்குவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். சுனையைச் சுற்றிக் கம்பிவேலி போடலாமா என்று கேட்டான். தன் ஊர் பஷ்கெரே சுனைக்கு வேலியா என்று அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கடுப்பிலும், எங்கள் ஊரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்ற பெருமையிலும் ஊர் வழக்கத்தைச் சொல்லித் தொலைத்தாள்.

வழக்கம் எளிதுதான். விருந்தாளி வரப்போகிறார் என்று சுனைக்குப் பொறுப்பானவர் அறிவித்துவிட்டால், அந்த விருந்தாளி வந்து முதல் வாய்த் தண்ணீர் குடிக்கும்வரை ஒரு கால்நடையும் சுனையில் இறங்காது, ஊராரும் அதில் மொள்ள மாட்டார்கள். மந்தை கலக்கிய தண்ணீரை வந்தவருக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பெரும்பாலும் அரை நாளில் முடிந்துவிடும் விஷயம். விருந்தாளி குடித்ததும் மொத்த மந்தையையும் விட்டுவிடுவார்கள்.

"அப்ப வேலியே வேண்டாம். நான் குடிக்கிற வரைக்கும் மந்தை நிக்கும். நான்தான் கதவு," என்றான் பாஸ்தியான்.

அன்றைக்கே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். மாறாக, பஷ்கெரேவுக்குப் பொறுப்பான தோகோய்க்கு ஆள் விட்டுச் செய்தி சொன்னாள். தோகோய் அவளுடைய தாய்மாமன். அம்மா செத்த பிறகு அவளை வளர்த்ததும் அவர்தான். ஊர் என்று அவளுக்கு இருந்தது அவருடைய கூடாரம் மட்டுமே. இடம் பார்க்கவும் ஒரு காட்சியை ஒத்திகையாக எடுக்கவும் வருகிறோம், திங்கட்கிழமை காலையில் வந்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பினாள்.

திங்கட்கிழமை அவர்கள் வழியில் ஃபாடா நகரைத் தாண்டவே இல்லை. பறக்கும் கேமராவின் பேட்டரி ஏறவில்லை என்று ஒரு நாள் போனது. அதிகாரி ஒருவர் வீட்டு விருந்தில் ஒரு நாள் போனது. பிறகு வானத்தில் தூசி, வெளிச்சம் சரியில்லை என்று பாஸ்தியான் கட்டிலில் சாய்ந்துகொண்டான். சுனைப்பக்கம் போன் எடுக்காது, அங்கே மந்தை தண்ணீர் காணாமல் நிற்கும் என்று கெல்லூ வேளைக்கு ஒருமுறை போய்ச் சொன்னாள். ஒட்டகம் மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் இருக்கும் என்று தான் படித்திருப்பதாக அவன் பதில் சொன்னான்.

டிரைவர் பிஷாரா அரபியில் முணுமுணுத்தான். "எந்த ஒட்டகத்தப் படிச்சானாம்? பாடப் புத்தகத்துல படம் போட்டிருக்குமே, அதையா?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

வியாழக்கிழமை நண்பகலில் பாறை இடுக்கில் திரும்பும்போது, மந்தை கண்ணில் படும் முன்பே அதன் முனகல் கேட்டது. ஒட்டகங்கள் மணலில் கழுத்தை நீட்டிப் படுத்துக் கிடந்தன. பல நாள் நடந்து வறண்டு வந்த மந்தை அது. வந்த இடத்திலும் தண்ணீர் கண்ணெதிரே கிடக்க, வாய் வைக்க முடியாமல் நின்றிருக்கிறது. பால் கொடுக்கும் ஒட்டகங்களுக்கு மடி வற்றிவிட்டது. ஒரு குட்டி செத்துக் கிடந்தது, தாய் அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தபடி பக்கத்தைவிட்டு நகரவில்லை. வீடுகளில் இருந்தவர்கள் தோல்பையில் மிஞ்சியிருந்ததைப் பங்கிட்டுக் குடித்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பால் இல்லை.

தோகோய்க்கு உதடு வெடித்துப்போயிருந்தது. மரக் கிண்ணத்தில் தெளிந்த தண்ணீரை மொண்டு, இரண்டு கையாலும் பாஸ்தியானிடம் நீட்டினார்.

பாஸ்தியான் வானத்தைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே கிண்ணத்தை மெல்லத் தள்ளினான்.

"நாளைக்குச் சாயங்காலம் குடிக்கிறேன்னு சொல்லு. அப்பதான் வெளிச்சம் நல்லா விழும்."

"குட்டி செத்துக் கிடக்கு. தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுது, பாவம். ஆனா அந்தத் தாகம் முகத்துல தெரியணும் கெல்லூ, அதுதானே படமே. நாலு நாளைக்கே இப்படி இருக்குன்னா, நிஜ ஷூட்டிங் அப்ப ஒரு வாரம் நிறுத்தி வைக்கலாம். திட்டத்துல எழுதிக்கோ."

அவள் எழுதவில்லை. நேரே மாமாவிடம் போய் மந்தையை விடச் சொன்னாள். இவன் விருந்தாளியே இல்லை, நம் வழக்கத்தை வைத்து நம்மையே கட்டிப்போட்டிருக்கிறான் என்று பொரிந்து தள்ளினாள். மாமாவின் மேலும் அவளுக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. செத்தது அவருடைய குட்டி, வறண்டது அவருடைய பேரப்பிள்ளைகளின் வாய், அப்படியும் மனுஷர் அசையாமல் நிற்கிறாரே.

"விருந்தாளின்னு சொல்லிட்டேன்மா," என்றார் தோகோய். "இன்னைக்கு நான் மீறினேன்னு வை, நாளைக்கு நம்ம பசங்க இன்னொரு சுனைக்குப் போய் நின்னா யாரு தண்ணி குடுப்பா?"

பாஸ்தியான் ஜீப்பின் நிழலில் சாய்ந்து பாட்டில் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான்.

பாதை சுனையில் வந்து சேரும் இடத்தில் ஒரு தட்டைக் கல் உண்டு. அன்னியர்கள் உட்கார்ந்து தண்ணீர் கேட்கும் கல் அது. அதில் உட்கார்ந்து கேட்பவருக்கு இந்தச் சுனையில் வீடு கிடையாது என்று அர்த்தம். ஒருமுறை கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு என்றைக்கு வந்தாலும் அந்தக் கல்தான். கெல்லூ போய் அதில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி வைத்தாள்.

"வழியில வந்தவ நான். தண்ணி குடுங்க."

கூடார வாசலில் இருந்த அத்தை பதறி எழுந்தாள். "அடியே, எழுந்து வாடி. வீட்டுப் பொண்ணு அதுல உட்காரக் கூடாது."

கெல்லூ அந்தப் பக்கம் திரும்பவில்லை. தோகோய் நடந்து வந்து எதிரில் நின்றார்.

"என்ன கேக்குறன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"தெரிஞ்சுதான் மாமா. இவங்க ஜீப்புல வந்தேன், இவங்க சோறு தின்னேன். நீங்க காத்துக்கிட்டு இருந்த விருந்தாளிங்கள்ல நானும் ஒருத்தி. நான் குடிக்கிறேன்."

அவர் சுனைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்தார். பிறகு அதே கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் குடித்தாள். தோகோய் திரும்பி மந்தையைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

ஆயிரம் ஒட்டகமும் ஒரே நேரத்தில் எழுந்தன. மலையே பெயர்ந்து வருவது போலப் புழுதி கிளம்பியது. பாஸ்தியான் மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்த காட்சி அப்படியே அவன் கண்ணெதிரே ஓடியது. கேமராக்கள் எல்லாம் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. அவன் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. சாவி எங்கே என்று அவன் பிஷாராவின் சட்டையைப் பிடித்தபோது, அந்த ஆளுக்குத் திடீரென்று பிரெஞ்சு சுத்தமாக மறந்துபோயிருந்தது.

புழுதி அடங்கியதும் அவன் கெல்லூவிடம் வந்து, படத்தில் இனி உனக்கு வேலை இல்லை என்றான்.

"வேணாம். ஆனா பர்மிட்டு என் பேர்ல இருக்கு. நாளைக்கு அதையும் எடுத்துக்கிட்டுத்தான் போவேன். இந்தச் சுனையில நீங்க ஒரு படமும் எடுக்கப் போறதில்ல," என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் மரத்தடியில் விருந்தாளிப் பாய் விரித்தார்கள். கூடாரத்துக்குள் அவளை யாரும் கூப்பிடவில்லை. அத்தை கம்பங்களியைக் கொண்டுவந்து வைத்தாள், கண் சிவந்திருந்தது. பக்கத்தில் உட்காராமல், விருந்தாளிக்கு நிற்பது போலத் தள்ளி நின்றாள். பாயின் மறுகோடியில் பாஸ்தியான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அதே களி, அதே அளவு.

தோகோய் வந்து நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினார்.

"சாப்பிடுங்க. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

கெல்லூ எடுத்த களியைத் தட்டிலேயே வைத்தாள்.

"என்ன கேக்குறாரு?" என்றான் பாஸ்தியான்.

"பயணம் சௌகரியமான்னு கேக்குறாரு," என்றாள். "நம்ம ரெண்டு பேரையும்."