அரை லிட்டர் கூடுதல் பால்

சத்யா செடி அள்ளும் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதமாகிறது. அரியலூருக்கு வெளியே, லாரி பம்பருக்குப் பளபளவென்று முலாம் பூசும் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே கழுவிவிடும் மஞ்சள் தண்ணீர் பின்னால் உள்ள குட்டையில் வந்து விழும். குட்டை முழுக்க ஆகாயத்தாமரை மிதக்கும். ஊரெல்லாம் சபித்துக்கொண்டே பிடுங்கி எறிகிற செடியை இங்கே சம்பளம் கொடுத்து வளர்க்கிறார்கள். தண்ணீரில் இருக்கும் குரோமியம் என்ற விஷத்தை அதன் வேர் உறிஞ்சிக்கொள்ளுமாம். வாரா வாரம் கொஞ்சம் செடியை அள்ளி, சிமெண்ட் பூசிய குழியில் போட்டு மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"மாட்டுக்கு மட்டும் போட்டுறாதீங்கக்கா. உறிஞ்சினது பூரா அதுக்குள்ளதான் இருக்கும்" என்று பட்டறை இன்ஜினியர் தமிழ்மாறன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

குழி மாசியிலேயே நிறைந்துவிட்டது. காலி பண்ண ரெண்டு நாளில் வண்டி வரும் என்றார் தமிழ்மாறன். அந்த ரெண்டு நாள் மூன்று மாதமாக முடியவில்லை. அள்ளியதை அவள் எங்கே வைப்பாள், தலையிலா? வேலிக்கு அந்தப்புறம் தள்ளிவிட்டாள். வெயிலில் காய்ந்து சருகாகிவிடும் என்று நினைத்தாள். கோடையில் பச்சையாக ஒன்று கிடந்தால் மாடு வைத்திருப்பவன் யாரும் சும்மா விட்டுப் போக மாட்டான். அது அவளுக்குத் தெரியாததல்ல. யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, மூன்று வயது மகள் சண்முகப்பிரியா காதோரம் ஊதாப் பூ ஒன்றைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏது பாப்பா இந்தப் பூவு?"

"அப்பா குடுத்துச்சு. மாட்டுப் புல்லுல இருந்துச்சு."

சத்யாவின் கணவன் மணிவேல் இடுப்பில் அடிபட்டதிலிருந்து லோடு வேலைக்குப் போவதில்லை. மாட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறான். அவளைப் பார்த்ததும் பெருமையாகச் சிரித்தான்.

"ஒங்க குட்டைக்குப் பின்னால மலையாட்டம் கெடக்குது. ரெண்டு மாசமா டிவிஎஸ்ல கட்டியாந்து போடுறேன். வெறும் வைக்கோலையே எத்தன நாளைக்கிப் போடுறது? பாலு அரை லிட்டர் கூடியிருக்கே, நீ பாக்கலையா?"

பார்த்திருந்தாள். முன்பெல்லாம் டீக்குத்தான் பால் காணும். கூடிய அரை லிட்டரும் பிள்ளைக்கே என்று முடிவு செய்தவளே அவள்தான்.

அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கோபமும் வரவில்லை. கையும் காலும் அதுபாட்டுக்கு வேலை செய்தன. அடுப்பிலிருந்த பாலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, "திரிஞ்சிருச்சு" என்றாள். பிள்ளையின் காதிலிருந்து பூவை எடுத்தாள். பிள்ளை வீரிட்டு அழுதது. அது பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவதுபோல் எங்கோ கேட்டது. "அந்தச் செடிய இனிமே போடாதீங்க, மாட்டுக்கு ஆகாதாம்" என்று மட்டும் மணிவேலிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பட்டறையில் சொன்னால் வேலை போய்விடும். வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அது. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பிள்ளை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் போய் என்ன சொல்லி எதைப் பார்க்கச் சொல்வது? யாரோ ஒருத்தி வீட்டுப் பிரச்சினைக்கு யோசனை சொல்வதுபோல இதையெல்லாம் நினைத்துக்கொண்டே இறங்கினாள்.

தமிழ்மாறன் கையில் லட்டு டப்பாவோடு குட்டைக்கரையிலேயே நின்றிருந்தார்.

"ரிசல்ட் வந்துருச்சுக்கா! வெளிய போற தண்ணில குரோமியம் ஒரு சொட்டு இல்ல. எல்லாத்தையும் செடி எடுத்துருச்சு. எல்லாம் ஒங்க உழைப்புதான். ஸ்வீட் எடுங்க."

இந்த ஏழு மாதத்தில் அவளை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. லட்டை வாங்கிக்கொண்டாள். குட்டையைப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

"குழி நெறஞ்சு மூணு மாசமாச்சுங்க சார்."

"வண்டிக்குச் சொல்லியிருக்கேங்க்கா. ரெண்டே நாள்."

"அள்ளினத வேலிக்கு அந்தாண்ட கொட்டிட்டேன். எங்க வூட்டுக்காரரு தெரியாம எடுத்தாந்து மாட்டுக்குப் போட்டுட்டாரு. ரெண்டு மாசமா."

தமிழ்மாறன் வேலியோரம் போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பாலு யாருக்கும்மா?" அக்கா போய் அம்மா வந்துவிட்டது.

"எம் பொண்ணுக்கு. மூணு வயசு."

"எவ்வளவு குடிச்சிருக்கும்?"

"காலையில ஒரு டம்ளரு, சாயங்காலம் ஒரு டம்ளரு" என்றாள் ஒப்பிப்பதுபோல. இது எதுவும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

"அவ்வளவுதானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. டாக்டர்ட்ட சொல்லணும்."

அவள் யோசித்தாள்.

"சில நாளு இன்னுங் கொஞ்சம்னு டம்ளர நீட்டும் சார். நாந்தான் ஊத்திக் குடுத்தேன்" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.