நீலக்காரனின் உடுப்பு

அம்மா போன பிறகு தம்பி வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் ஓர் உடுப்பு.

அதுவரை அவன் எதையும் கேட்கவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட அழவில்லை. தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான், காட்டிய கட்டிலில் படுத்தான், போட்டதைச் சாப்பிட்டான். "இவனுக்குப் புரிஞ்சுதா இல்லையான்னே தெரியலியே" என்று அக்காவின் வீட்டுக்காரர் கேட்டார். அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பிறவியிலேயே அப்படி. பத்து வயதுப் பிள்ளையின் மனசு என்று டாக்டர் சொல்வார். அக்கா அதை முழுசாக ஒப்புக்கொள்வதில்லை. சில விஷயங்களில் அவன் கைக்குழந்தை, சில விஷயங்களில் அவளுக்கே அப்பன்.

அப்படிப்பட்டவன் ஒரு சாயங்காலம் டி.வி. முன்னால் நின்றுகொண்டு, "அக்கா, நீலக்காரன் உடுப்பு தைச்சுக் குடு" என்றதும் அவளுக்குப் போன உயிர் திரும்பியது போல இருந்தது.

நீலக்காரன் என்பது அவனாக வைத்த பெயர். ஒரு படத்தில் வருகிற வீரன். அம்மாவும் அவனும் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. கடைசியில் ஒரு பெரிய கட்டடம் இடிந்து விழும். உள்ளே இருந்தவர்கள் செத்துவிட்டார்கள் என்று ஊரே முடிவுகட்டி அழும்போது, நீலக்காரன் மண்ணுக்குள் புகுந்து, உடுப்பெல்லாம் கிழிய, ஒரு பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வருவான். அந்த இடத்தில் அம்மா ஒவ்வொரு முறையும் கை தட்டுவாள்.

அக்காவுக்கு வேலை கார் சீட்டுக்கு உறை தைப்பது. ஃபோம், ரெக்சின், பசை எல்லாம் அன்றாடம் கையில் புழங்குகிறவை. இதென்ன பிரமாதம் என்று நினைத்தாள். கடையில் கிடைத்த நீலத் துணியை வாங்கி ஒரு விடுமுறை நாளில் தைத்து நீட்டினாள்.

தம்பி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது இல்ல."

"ஏன்டா, நீலம்தானே?"

"இது பாத்ரூம் பக்கெட் நீலம்."

அவள் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் குடித்த தண்ணீர் புரையேறியது. அவளும் சிரித்தாள். அம்மா போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அதற்குப் பிறகு அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். வெயிலில் நீலம், இருட்டில் கறுப்பு, அப்படி ஒரு நிறம் வேண்டும். இழுத்தால் நீள்கிற துணியைத் தேடிப்பிடித்து வீட்டிலேயே சாயம் தோய்த்தாள். துணி முழுக்கத் தேன்கூடு மாதிரி ஒரு வேலைப்பாடு. அலமாரித் தட்டில் விரிக்கிற ஓட்டை ஓட்டையான ரப்பர் விரிப்பைத் துணிமேல் போட்டு, ஸ்பாஞ்சால் சாயத்தை ஒற்றி எடுத்ததும் அச்சு அசலாக வந்தது. மார்புக் கவசத்துக்கு ஃபோமை வெட்டிச் சூடு காட்டி, இளகியதும் கவிழ்த்துவைத்த குண்டானின் மேல் அழுத்தி வளைத்தாள். முகமூடியை ரெக்சினில் தைத்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான வீட்டுக்காரர் அலுமினியத் தகட்டை அரத்தால் ராவி இடுப்புக் கொக்கி செய்தார். வீடெங்கும் பசை நாற்றம். "உட்கார்ந்தா ஒட்டுது, எழுந்தா உரியுது" என்று புலம்பிக்கொண்டே அவர்தான் கொக்கியை நாலு தடவை மாற்றிச் செய்தவர்.

தம்பியிடம் எதுவும் லேசில் தேறாது. "இடது தோள்ல கீறல் எங்க?"

"புதுசுடா. கீறாம இருக்கட்டுமே."

"கீறல் இல்லன்னா அவனுக்கு அடையாளம் தெரியாது."

ஏதோ வாய் தவறிச் சொல்கிறான் என்று விட்டுவிட்டாள். பிளேடால் கீறி, வெள்ளிச் சாயம் தடவினாள். அளவெடுக்கப் போனால் மட்டும் நழுவி ஓடினான். படத்தில் நீலக்காரன் ஒரு கதவுப் பக்கத்தில் நிற்பானாம்; அதை வைத்து வீட்டுக் கதவில் பென்சிலால் கோடு போட்டு, இந்த உயரத்துக்கு வேண்டும் என்றான். தம்பி அவள் தோளுக்குத்தான் வருவான். கால் பக்கம் மடித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று அவளும் சரி என்றாள்.

மாதக்கணக்கில் இழுத்த வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்தது. தம்பி உடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். தையலை விரலால் நீவினான். முகம் மலர்ந்து, "இதுதான்" என்றான்.

"அப்பாடா. சட்டையைக் கழட்டு, போட்டுப் பாக்கலாம்."

தம்பி இரண்டடி பின்னால் போனான். "நான் எதுக்குப் போடணும்? அவன் வந்து போட்டுப்பான்."

"யாருடா?"

"நீலக்காரன். பழைய உடுப்பு கிழிஞ்சுபோச்சுல்ல, அதான் வர முடியல. இப்ப ரெடி. வந்ததும் மண்ணுக்குள்ள போய் அம்மாவ எடுத்துட்டு வரச் சொல்லணும்."

சொல்லிவிட்டு உடுப்பை வாசல் கதவு ஆணியில் பத்திரமாக மாட்டினான். அக்கா கைக்கு எட்டிய ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அவள் தைத்தது என்ன என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து அவன் ஜன்னலை விட்டு நகரவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான். அக்கா சொல்ல வாயெடுப்பாள், அவன் முகத்தைப் பார்த்ததும் சாப்பிட வரச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கடைசியில் வீட்டுக்காரர்தான், "நான் போட்டுக்கிட்டு வர்றேன். அம்மா அங்க நல்லா இருக்காங்க, கவலைப்படாதன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன். பாவம், மனசு ஆறட்டும்" என்றார். தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அலுத்துப்போயிருந்தாள். தலையை ஆட்டிவிட்டாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம், தம்பி குளிக்கப் போன சமயம் பார்த்து உடுப்பை எடுத்துப்போய், கீழ்வீட்டில் உடை மாற்றி முகமூடியும் மாட்டிக்கொண்டு அவர் படியேறி வந்தார். தம்பி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"மாமா, கழட்டுங்க. வயிறு இடிச்சுத் தையல் பிரிஞ்சுடும்."

முகமூடிக்குள்ளிருந்து, "எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றார்.

"மூச்சு வாங்குது. அவனுக்கு மூச்சு வாங்காது." பிறகு தம்பி அக்காவின் பக்கம் திரும்பினான். "அவன் எங்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "அவன் இல்லடா, குட்டி. அது சினிமா. நெஜத்துல அப்படி யாரும் இல்ல."

"அப்ப அம்மாவ யாரு எடுப்பா?"

"யாராலயும் முடியாதுடா."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்கள மாமா எடுக்கறாரே."

முகமூடியைக் கையில் பிடித்தபடி நின்ற மனுஷர் அப்படியே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நீல முதுகு குலுங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் தம்பிக்கு விளங்கியிருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். ஒரு தடவை வாய்விட்டு அழுதுவிட மாட்டானா என்று ஏங்கியவள்தான் அக்கா. ஆனால் அந்த அழுகையைக் கேட்க அவளால் முடியவில்லை. கட்டிக்கொள்ளப் போனவளைத் தள்ளிவிட்டான்.

அப்புறம் பல நாள் அவளோடு பேச்சில்லை. எது வேண்டுமானாலும் மாமாவிடம் கேட்பான். உடுப்பை அவனே மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டான். படத்தையும் போடச் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம், அவள் வேலை செய்யும் கடைக்குத் தானாகவே வந்தான். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்து முடித்த உறையில் துருத்திய நூலை ஒவ்வொன்றாகக் கத்தரித்தான். திடீரென்று கேட்டான்:

"அம்மாவுக்குத் தெரியுமா, திரும்பி வரமாட்டோம்னு?"

அவள் மெஷினை நிறுத்தினாள். "தெரியும்டா."

"அழுதாங்களா?"

"அழுதாங்க. உன்னை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு அழுதாங்க."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன்."

"என்னை ஏன் கூப்பிடல?"

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவைத்ததுதான் நல்லது என்று அவள் நினைத்திருந்தாள். எல்லோருமே அப்படித்தான் சொன்னார்கள்.

"உனக்குப் புரியாதுன்னு நினைச்சிட்டேன்டா."

"புரிஞ்சிருக்கும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

"ஆமாம்" என்றாள் அவள். "புரிஞ்சிருக்கும்."

முதலாளியிடம் சொல்லிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு சீக்கிரமே கிளம்பினாள். வழிநெடுக அவன் கேட்டுக்கொண்டே வந்தான். அம்மா ஜன்னலோரம் படுத்திருந்தாளா, சுவரோரமா? போர்வை என்ன நிறம்? மூக்கில் குழாய் வைத்தபோது வலித்ததா? கடைசியாக என்ன சாப்பிட்டாள்? அக்கா ஒன்றைக்கூட மறைக்காமல் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். வீட்டு வாசல் வந்தும் அவன் கேள்வி தீரவில்லை. இருவரும் உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்தார்கள்.